நாலாவது மாடிக் குழாய்

பிளம்பர் குழாயில் காதை வைத்தார்.

சத்தம் இல்லை.

முப்பத்தைந்து வருடத்து இரும்புக் குழாய். தொட்டால் துரு உதிர்ந்து கையில் ஒட்டியது. ஜவுளிக்கடையின் பின்சுவரில் இப்படி ஏழு குழாய்கள் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கின. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும்.

எது இன்னும் பயன்படுகிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டட வரைபடத்தைக் கேட்டதற்குக் கரையான் தின்றுவிட்டது என்று கூசாமல் சொன்னார் மேனேஜர்.

அதனால்தான் காது.

தண்ணீர் ஓடினால் குழாய் சொல்லிவிடும். ஓடும் குழாய்க்குச் சாக்பீஸால் ஒரு கோடு. ஓடாததற்குப் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்டதைப் புதிதாக மாற்ற வேண்டியதில்லை. முனையில் ஒரு மூடியைத் திருகி அடைத்துவிடலாம். தொழிலில் அதற்கு டம்மி என்று பெயர்.

காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை அந்த ஐந்தாவது குழாயைச் சுற்றித்தான் வேலை செய்தார். நாலு தடவை காது வைத்தார். ஒரு சொட்டு ஓடவில்லை.

பெருக்கல் குறி போட்டார்.

மேனேஜருக்குப் பரம சந்தோஷம். அது போய்ச் சேரும் நாலாவது மாடிக் கழிவறையை இனி சரக்கு அடுக்க எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

டம்மி போட மேலே ஏறினார். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முட்டி மக்கர் செய்தது. உட்கார்ந்து, எழுந்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

கழிவறைக் கதவைத் திறந்தார்.

தரை ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தது. ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி. பாதி தேய்ந்த சோப்பு. சுவர் ஓட்டில் கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பும் மெரூனுமாக நாற்பதாவது இருக்கும்.

செத்த லைனில் யார் வந்து பொட்டு மாற்றுகிறார்கள்?

"இதுல இனி தண்ணி வராதாண்ணே?"

திரும்பினார். சீருடைச் சேலையில் ஒரு பெண். குழந்தைகள் உடுப்புப் பிரிவில் நிற்பவள். மரியபுஷ்பம் என்று மார்பில் பெயர் குத்தியிருந்தது. கையில் மடித்தும் மடிக்காததுமாக ஒரு பட்டுப்பாவாடை.

"யாரும் போறதில்லையேம்மா. காலைல இருந்து பாக்கேன், சொட்டு ஓடல."

"எப்படிண்ணே ஓடும்? வந்த உடனே ஒருக்க. அப்புறம் ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போகும்போது ஒருக்க. நடுவுல போனா அரைநாள் ஆப்சென்ட் போட்டுருவாவ. அதான் நாங்க பதினோரு பேரும் தண்ணியே குடிக்கிறதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. பாவாடைக்கு அளவு சொல்வது போலச் சொன்னாள்.

"இதையும் அடைச்சுட்டா கீழ கஸ்டமருக்குள்ளதுதான். அங்க எங்கள விட மாட்டாவ."

யாரோ கூப்பிட்டார்கள். பாவாடையை மடித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

காது தப்பாகக் கேட்கவில்லை. தண்ணீர் ஓடவில்லைதான். ஏன் ஓடவில்லை என்று குழாய் சொல்லாது, அவரும் யாரையும் கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. பேசாமல் டம்மியைத் திருகிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலத் தோன்றியது.

உள்ளதைச் சொன்னால் மேனேஜர் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை சொன்னது என்றுதான் முதலில் கேட்பார்.

டம்மியைப் பைக்குள் போட்டார். நாலு மாடியும் இறங்கினார். இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது.

மேனேஜர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த நாலாவது மாடி லைன அடைக்க முடியாது."

"செத்த லைனுன்னு நீருதான சொன்னீரு?"

"செத்ததுதான் சார். ஆனா அத அடைச்சா காத்து போறதுக்கு வழி இல்ல. ஏர் லாக் ஆயிரும். மூணாவது மாடில முதலாளி ரூமுக்குச் சொட்டு இறங்காது."

முதலாளி என்றதும் மேனேஜர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"புதுசா குழாய் போட்டாலுமா?"

"புதுக் குழாய்லதான் காத்து அதிகம் அடைக்கும். அப்பப்ப அந்தக் குழாயத் தொறந்து விடணும்."

இப்படி ஒரு விதி எந்தக் குழாய்க்கும் கிடையாது. சொல்லும்போது குரல் பிசிறவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எப்பப்ப?"

மணிக்கு ஒருக்க என்று சொல்ல வாயெடுத்தார். மேலே பதினோரு பேர் என்பது நினைவு வந்தது.

"அரைமணிக்கு ஒருக்க சார். கடை தொறந்ததுல இருந்து அடைக்கிற வரைக்கும்."

"அதுக்குன்னு ஒரு ஆளா போட முடியும்? மேல பொம்பளப் பிள்ளைகதான் நிக்குதுவ."

"யாரு தொறந்தா என்ன சார்."

மேனேஜர் ஃபோனை எடுத்து நாலாவது மாடி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"நாளைல இருந்து அரைமணிக்கு ஒரு பிள்ளையா முறை போட்டு அனுப்பும். ஆமா, அந்தக் கக்கூஸுக்குத்தான். முதலாளி ரூம் விஷயம், மறந்துராதீரு."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஒரு நிமிஷம் தொறந்து மூடினாப் போதும்லா?"

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"பத்தாது சார். அஞ்சு நிமிஷமாவது ஆவும்."