குற்றவாளி வந்தாச்சு

"குற்றவாளி உள்ளே வரலாம்."

மாமனாரின் குரலில் கதவே கொஞ்சம் அதிர்ந்தது. நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிட்டே ஓய்வு பெற்ற டவாலி அவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, தொண்டை ஓயவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருகிறவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும் என்று வீட்டுக்குச் சட்டம் போட்டவரும் அவர்தான்.

மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"அப்பா, ஆபீஸ்ல கிளம்புற நேரம் பார்த்து போன் பண்ணி, இருமல் மிட்டாய் வாங்கிட்டு வரச் சொன்னதே நீங்கதான். நேத்து டார்ச்சுக்கு பேட்டரி. அதுக்கு முந்தின நாள் பல்குச்சி. லேட்டாகாம என்ன ஆகும்?"

"சட்டத்துக்குச் சாக்குப்போக்கு தெரியாதுப்பா. சாப்பிட்டுட்டுப் போய்த் தேய்."

மருமகளுக்குச் சங்கடமாக இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதை இந்த வீட்டில் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒருமுறை டம்ளரைக் கழுவச் சொன்னதற்கே, "அதெல்லாம் ஆம்பளை செய்யற வேலையா?" என்று சிரித்தவன் அவள் கணவன். இப்போது தண்டனையின் புண்ணியத்தில் அவள் கை ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒருநாள் முட்டிக்கொண்டால், மறுபடி அதே தொட்டி, அதே எரிச்சல்.

முதல் சில நாள் மகன் பாத்திரங்களை உடைக்கிற மாதிரி தேய்த்தான். போகப் போகச் சீட்டியடித்தான். பிறகு, "அடிப்பிடிச்ச சட்டியை ஊறவைக்கத் தெரியாதா உனக்கு?" என்று அவளுக்கே பாடம் நடத்தத் தொடங்கினான்.

ஒருநாள் போன் வரவில்லை. மகன் நேரத்தோடு வந்து சேர்ந்தான். மாமனார் சாப்பிட்டுக் கை கழுவினார். மருமகள் பெருமூச்சோடு எழுந்து தட்டில் கை வைத்தாள்.

"விடு, விடு," என்று மகன் சட்டைக் கையை மடித்தான்.

"இன்னிக்கு நீங்க லேட்டா வரலையே?"

"வரலைன்னா? தேய்க்காம வெச்சா எறும்பு வந்துடும். நீ போய்க் கைக்கு மருந்து போடு."

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் சீட்டியும் கேட்டன. அவளுக்குக் கண் கலங்கியது. மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். அவர் எதையோ வைக்க மேசை இழுப்பறையைத் திறந்திருந்தார். உள்ளே பிரிக்காத இருமல் மிட்டாய்கள், உறை கிழிக்காத பேட்டரிகள், பல்லே இல்லாத அவருக்கு ஒரு பெட்டி பல்குச்சி.

"மாமா, இதெல்லாம்..?"

"சத்தம் போடாதம்மா." நீதிமன்றத்தையே அதிரவைத்த குரல் கிசுகிசுத்தது. "நேரா சொன்னா அவன் கேக்கமாட்டான், நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. உன் கையைப் பார்த்த அன்னிக்குத்தான் அந்தச் சட்டத்தையே போட்டேன்."