வளைவில் நின்றவன்

"நாப்பதாக்குங்க சார்! இருவதுல உருட்டிட்டுப் போனா, பேளுக்குறிச்சி போய்ச் சேர்றதுக்குள்ள சந்தையே கலைஞ்சு போயிருதுங்க."

செம்மேட்டில் கருத்துக்கேட்புக் கூட்டம். மலைப்பாதையில் வேக வரம்பை உயர்த்தலாமா என்று கேட்க வந்திருந்த அதிகாரி அந்தோணிசாமிக்கு முன்னால், வேன் ஓட்டும் இளங்கோ மார்தட்டாத குறையாக நின்றான்.

"போன மாசந்தான் உங்க காட்டுக்குக் கீழ் வளைவுல ஒரு வேன் உருண்டுச்சு. பொழுது சாஞ்சா அங்க யாரோ நிக்கறாங்கன்னு வேற பேசிக்கறாங்க" என்றார் ஊர்ப் பெரியவர் மாதேஸ்வரன், இளங்கோவைப் பார்த்து.

"பேய்க்குப் பயந்தவன் ஸ்டியரிங்கே புடிக்கக் கூடாதுங்க!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அதிகாரி, பின்வரிசையில் இருந்த கோகிலாவைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்தானே? நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அவரு சொன்னாச் சரிதானுங்க. நாப்பதே போடுங்க."

பெண்கள் முகம் சுளித்தார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது! இளங்கோவுக்கோ தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பனி இறங்கி, பாதை பாதிதான் தெரிந்தது. கைதட்டல் இன்னும் காதில் இருந்ததோ என்னவோ, முள் நாற்பதைத் தாண்டியது.

அந்த வளைவுக்குச் சற்று முன்னால், பாதையோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

ஹாரன் அடித்தான். நகரவில்லை. வெளிச்சம் மேலே விழுந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. பையில் மஞ்சள் நூல் தையல்.

அது இளங்கோவின் சட்டை. அதே உயரம். அதே சாய்ந்த தோள். துண்டு சுற்றிய தலையில் முகம் மட்டும் இல்லை. ஒரு கை நீண்டு பள்ளத்தைக் காட்டியது.

பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி முனகிக்கொண்டு நின்றது. எதிரே கட்டைச்சுவரே இல்லை. போன மாதம் அந்த வேன் இடித்துக்கொண்டு போன இடம்.

இறங்கிப் போய், பயந்து பயந்து தொட்டுப் பார்த்தான். வைக்கோல். அவன் சாமைக்காட்டில் குருவி விரட்டுகிற பொம்மை!

வீட்டுக்குப் போன் போட்டான். "காட்டுப் பொம்மைக்கு என் சட்டைய மாட்டி இங்க நட்டது யாரு?"

"நான்தானுங்க மாமா" என்றாள் கோகிலா.

"பைத்தியமா உனக்கு? கூட்டத்துல எனக்காகப் பேசுனவதானே நீ?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தா, வீம்புக்கே இன்னும் மிதிச்சிருப்பீங்க. போர்டுக்கும் பயமில்ல, பேய்க்கும் பயமில்லைங்கறீங்க..." குரல் உடைந்தது. "அதான் உங்களையே அங்க நிக்க வெச்சேன். பாத்ததும் நின்னுட்டீங்கல்ல? அது போதும் மாமா, பதனமா ஊடு வந்து சேருங்க."