மூன்று வீடியோவில் ஒரு பொய்

மூன்று வீடியோவில் ஒன்று பொய், எது என்று சொல்லுங்கள் என்றாள் மேகலா டீச்சர்.

மயிலாப்பூர் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது பத்தே நிமிஷம். செய்தியைச் சந்தேகப்படக் கற்றுத்தர ஓர் ஊடக வகுப்பு வேண்டும் என்று ஹெச்.எம். கங்காதரனை இரண்டு வருஷம் நச்சரித்து வாங்கியது. பெற்றோர் கை தூக்கினால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அவளுக்கு. இல்லாவிட்டால் கணக்கு வாத்தியார் செந்தில்குமாருக்கு. அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். மூன்றாவதுதான் பொய் என்று மேகலா போட்டு உடைத்தாள். இரண்டாவது உண்மை, மூன்று சேனலில் வந்தது. அதில், மீன் கடைகளைக் காலி செய்யச் சொல்லி வந்த அதிகாரியின் முகத்தில் பெண்கள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். மேகலாவின் வகுப்பில் படிக்கும் ரோஸியின் அம்மா, லூப் ரோட்டில் மீன் விற்கிற தேசம்மா.

"ரெண்டாவதும் பொய்தான் டீச்சர். அதுல ஊத்திக்கினு கீறது நான். வெயில்ல மயங்கி வுழுந்துட்டாரு அந்த ஆபீசரு. ஐஸ் பொட்டித் தண்ணிய மூஞ்சில ஊத்தி எழுப்பினோம்."

மேகலா அந்த வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். அடாவடி என்று நினைத்துப் பார்த்தால் அடாவடியாகத் தெரிந்தது. உதவி என்று நினைத்துப் பார்த்தால் உதவியாகவே தெரிந்தது. இவளைத்தான் எப்படி நம்புவது?

எதும்மா உண்மை என்று ஹெச்.எம். கேட்டார். தெரியவில்லை சார் என்றாள். பீரியட் போனதுதான் என்று நினைத்தாள்.

வகுப்பு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹெச்.எம். கைகள் எழுந்தன. கிட்டத்தட்ட எல்லாக் கைகளும். செந்தில்குமாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தேசம்மாவும் தூக்கியிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேகலா ஓடிப்போய் அவளை நிறுத்தினாள். யார் பரப்பினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிற வேகம். முதன்முதலில் இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"கிளாஸ் வாட்ஸ்அப்புல நீங்கதான டீச்சர் போட்டீங்க."

மேகலாவுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். போன ஜூன் மாதம், அவள் பெயரில், அதே வீடியோ. 'இந்த மாதிரி அம்மாக்கள் வளர்க்கும் பிள்ளைகள் எப்படி உருப்படும்?' என்று கூடவே ஒரு வரி.

டீச்சர் எது போட்டாலும் பெற்றோர் ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிடுவது அந்தக் குரூப்பில் வழக்கம். அதற்குக் கீழேயும் பதினோரு கும்பிடுகள் இருந்தன.

முதல் கும்பிடு தேசம்மாவுடையது.