ஆட்டுத் தண்டம்

பிந்த்ரோ கைகூப்பி நின்றதைப் பார்க்கப் பெரியவர் துனி சந்துக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜாவின் அரண்மனைக்கும் நாக தேவதா கோயிலுக்கும் நடுவிலிருந்த கல் முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. முந்தின நாள் பிந்த்ரோ கோயிலின் ஒன்பது படிகளையும் ஏறிவிட்டாள். அவள் சாதியில் யாரும் முதல் படியைக்கூட மிதித்தது கிடையாது.

"சுத்திப்பார்க்க வந்த டெல்லிக்காரங்களோட கலந்து ஏறியிருக்கா," என்றார் கோயில் காரியஸ்தர் தீரத் சிங். "தலையில குல்லா வேற."

"தலையை மூடாம போகக்கூடாதுன்னு நீங்கதானே ஐயா வாசல்ல குல்லா குடுக்கிறீங்க," என்றாள் பிந்த்ரோ பணிவாக. "கால் தவறிடுச்சு."

"ஒன்பது படியிலயுமா?"

"வரிசையாத் தவறிடுச்சு ஐயா."

சாமியாடி குடுமியை அவிழ்த்துப் போட்டு ஆடினார். தேவதாவின் வாக்கு இறங்கியது. தீட்டுக்குத் தண்டம் ஒரு ஆடு.

பின்வரிசையிலிருந்து துனி சந்த் எழுந்தார். அவளுடைய தெருக்காரர்தான். பொதுக்குழாய்க்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். நாற்பது வருஷமாக இதே முற்றத்தில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்.

"குடுக்காதே பிந்த்ரோ. தண்டம் கேக்கிறதே குற்றம். கேஸ் போடுவோம்."

"குழாய்க் கேஸ் என்னாச்சுண்ணே?"

"நடக்குது."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு," என்றார் தரையைப் பார்த்து.

பிந்த்ரோ காரியஸ்தர் பக்கம் திரும்பினாள். "ஒரு ஆடு குடுத்துட்டா தீட்டு சுத்தமாப் போயிடும்ல ஐயா? மிச்சம் ஒண்ணும் இருக்காதே?"

"ஒரு ஆள் ஒரு தடவை ஏறினா ஒரு ஆடு. அதோட தீர்ந்தது."

"நாளைக்கு மாத்திப் பேசிட்டா? நான் படிக்காதவ. எழுதிக் குடுங்க."

"தேவதா வாக்கையே சந்தேகப்படுறியா?"

"தேவதாவை இல்லைங்க ஐயா."

யாரோ சிரித்தார்கள். தீரத் சிங் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"துனி அண்ணே, நீ எழுது. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

அடிமை சாசனத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறதே என்று முனகியபடியே துனி சந்த் எழுதினார். பேனா அழுத்தியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. தீரத் சிங் கையெழுத்துப் போட்டுக் கோயில் முத்திரை குத்தினார்.

அவளிடம் இருந்தது மொத்தம் பன்னிரண்டு ஆடு. வேறு பிழைப்பு கிடையாது. அதில் கொம்பு வளைந்த கறுப்புக் கிடாயை இழுத்துவந்து கொடுத்தாள். மதியம் முற்றத்திலேயே விருந்து. இலைத் தட்டுகளில் கறியும் சோறும். தீட்டுப் பட்ட கை வளர்த்த ஆடு என்று ஒருவரும் ஒதுக்கவில்லை. பிந்த்ரோவின் தெருக்காரர்கள் தள்ளி, குப்பைமேட்டுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

துனி சந்த் இலையைத் தொடவில்லை.

"அப்படி மேல என்ன இருக்குன்னு போனே?" என்று அவளிடம் கேட்டார்.

"தேவதாரு உத்திரம். கோயில் கட்டுறப்ப எங்க தாத்தா முதுகுல ஏறிப் போனது. அன்னிக்கு யாரும் ஆடு கேக்கலை."

"இப்ப மட்டும் ஏன் குடுத்தே? நாப்பது வருஷமா நான் கத்தினதை ஒரு ஆட்டுல கரைச்சிட்டியே. சொரணை இருக்கா உனக்கு?"

"சாப்பிட்டுப் போண்ணே. கறி நல்லா வெந்திருக்கு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, கோயில் படிக்கு எதிரே டீக்கடையில் துனி சந்த் உட்கார்ந்திருந்தபோது மணிச்சத்தம் கேட்டது. ஆடுகளின் கழுத்துமணி.

பிந்த்ரோ முன்னால் வந்தாள். தலையில் குல்லா, கையில் முத்திரை குத்திய தாள். பின்னால் அவள் தெருப் பெண்கள் ஒன்பது பேர், குளித்து, துவைத்த துணி உடுத்தி. ஆளுக்கு ஓர் ஆடு. பிந்த்ரோ கையில் மட்டும் இரண்டு கயிறு.

மேல் படியில் தீரத் சிங் நின்றிருந்தார். "என்ன, மறுபடியும் கால் தவறுதா?"

"இல்லைங்க ஐயா. இன்னிக்கு நேராவே வர்றோம்." தாளை உயர்த்திக் காட்டினாள். "உங்க முத்திரைதானே?"

அவர் தாளையும் ஆடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். கேமராவும் கையுமாக நின்ற டெல்லிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

துனி சந்த் டீ டம்ளரோடு எழுந்து ஓடிவந்தார். "அடியே, எல்லா ஆட்டையும் குடுத்துட்டா எதை வச்சுப் பொழைப்பே?"

"தின்னட்டும்ணே. பதினோரு ஆட்டையும் தின்னு முடிக்கிறதுக்குள்ள படி எங்க காலுக்குப் பழகிடும்."

அவர் எண்ணிப் பார்த்தார். பத்துப் பேர். பதினோரு ஆடு.

"ஒண்ணு கூடுதலா இருக்கே."

பிந்த்ரோ இரண்டாவது கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"அது உனக்கு. நாப்பது வருஷமாக் கீழேயே நின்னு கத்துறியே, ஏறுண்ணே."