மடங்கிய முழங்கால்

பிசியோதெரபி மாணவி இசைவாணி பார்க்க வேண்டிய நோயாளி சவரியப்பன். அவருடைய இடது காலைத் தொடையோடு எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அந்த முழங்கால் மடங்கியே கெடக்கு தாயி. உயிர் போகுது. நீட்டி விடேன்" என்றார்.

தோழிகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று திரையை இழுத்துவிட்டாள். கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வகுப்பில் பழகியபடியே ஒரு கையை முழங்காலுக்கும் மறு கையைக் குதிகாலுக்கும் கொடுத்தாள். "வலிச்சா சொல்லுங்கய்யா."

காற்றை அங்குலம் அங்குலமாக நீட்டினாள். அவர் முகம் மெல்லத் தெளிந்தது, கண்கள் சொருகின. நிம்மதியோடு கைகளை எடுக்கப் போனாள்.

"பட்டுன்னு விட்டுடாத தாயி. மெதுவா கீழ வை."

அப்போதுதான் கவனித்தாள், கனம் தாங்காமல் தன் கைகள் நடுங்குவதை.