கடைசிக் கட்டம்

அந்த இரண்டு டின்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து லனுவோலா பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

சமையல் கொட்டகையில் அட்டைப்பெட்டிகள் மார்பளவு உயரத்துக்கு இருந்தன. எல்லாம் டின் மாட்டிறைச்சி. பாதி இங்கே, சமோவாவின் ஆப்பியா நகரில் வாங்கிய நியூசிலாந்துச் சரக்கு. மீதி, நாத்தனார் ஃபியாசிலி பாகோ பாகோவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்துச் சமோவா அமெரிக்காவுடையது. டின்னும் அமெரிக்க டின்தான்.

ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

கணவர் யாகோபோவுக்கு இதயம் பலவீனம். உப்பைக் குறைக்கச் சொன்ன நர்ஸ், டின் வாங்கினால் லேபிளின் கடைசிக் கட்டத்தில் சோடியம், அதாவது உப்பு, எவ்வளவு என்று பார்க்கச் சொல்லியிருந்தாள்.

அவருக்குக் கண் மங்கல். லனுவோலாதான் படித்துச் சொன்னாள். ஆப்பியா டின்னில் அறுநூற்றுப் பத்து மில்லிகிராம். அடுத்த மாதம் அவர் தங்கை ஃபியாசிலி அனுப்பியதில் நானூற்று இருபது.

"பாரேன், அமெரிக்காக்காரன் உப்புல கூட கஞ்சம்" என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து தங்கை அனுப்பும் டின்தான். முழு டின்னையும் ஒரே வேளையில் முடிப்பார். நல்லதுதானே என்று அவளும் திறந்து கொடுத்தாள்.

இப்போது எண்ணுக்கு மேலே இருந்ததைப் படித்தாள்.

நியூசிலாந்து டின்னில் இரண்டு கட்டங்கள். கடைசியின் தலையில், நூறு கிராமுக்கு.

அமெரிக்க டின்னில் ஒரே கட்டம். ஒரு பரிமாறலுக்கு. ஒரு பரிமாறல் என்பது ஐம்பத்தாறு கிராம். மூன்று வாய்க்குக் காணாது. டின்னில் அப்படி ஆறு.

அந்தந்த நாட்டுச் சட்டப்படி இரண்டிலுமே சரியாகத்தான் எழுதியிருந்தது.

நானூற்று இருபதை ஆறால் மனக்கணக்காகப் பெருக்கத் தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டாள். அன்றைக்கே இன்னும் ஒரு வரி மேலே படித்திருக்கலாம்.

"அண்ணி, போதகர் வந்துட்டாரு. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க."

ஃபியாசிலி கறுப்பு உடையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், கூடத்தின் நடுவே, வெள்ளை லேஸ் துணி போர்த்திய பெட்டியில் யாகோபோ கிடந்தார். சாவு வீட்டுக்கென்று உறவுகள் கொண்டுவந்த டின்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

ஃபியாசிலி அவள் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"அண்ணனுக்கு ஆகுறதா பார்த்து அனுப்புனேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல், அண்ணி. உங்களுக்கும் பிரஷர் இருக்கே. இனிமே உங்களுக்கு அனுப்புறேன்."

லனுவோலா டின்னைக் கீழே வைத்தாள். முந்தானைபோல் தன் தோளில் கிடந்த துண்டால் நாத்தனாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அனுப்பு, ஃபியா" என்றாள்.