மாப்பிள்ளை வண்டிக்குப் பாட்டு

"பாட்டு வேண்டாங்கிறேன் அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ சொல்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலை நரைச்சுது!"

"ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும். என் பிள்ளை பாட்டோடதான் ஊருக்குள்ள நுழைவான். ஊமை ஊர்வலமா அவனைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மலையடிவார நகரமான ஸஹ்லேயின் கடைத்தெருவில், தௌஃபீக்கின் ரேடியோ கடைப் படியேறும்போதே இருவரும் இப்படித்தான் வாதாடிக்கொண்டே வந்தார்கள். அந்த அம்மாள் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. பின்னால் வந்த தம்பிக்காரருக்கு இரண்டு நாள் தாடி, கசங்கிய கோட்டு.

தௌஃபீக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெயில்காலம் வந்தாலே மலை ஊர்களின் கல்யாணக் கூட்டம் அவன் கடையில்தான் இறங்கும்.

"உட்காருங்கம்மா. காப்பி வரும். மாப்பிள்ளை பேரு?"

"நதீம்."

"அம்மா?"

"வதாத். இது என் தம்பி நக்லே. பாட்டுன்னாலே இவனுக்குப் பேதி எடுத்தாப்பல இருக்கும்."

"அக்கா, வண்டி டிரைவர்கிட்டதான் ஒரு கேசட் இருக்கே. அதையே போட்டுட்டுப் போயிடலாம்."

"அந்த அழுமூஞ்சிக் கேசட்டா? நதீம் அதைக் கேட்டா வண்டியை விட்டே குதிச்சிடுவான்."

நக்லே சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணச் செலவு மனிதரை அரைத்துவிட்டது போலிருக்கிறது என்று தௌஃபீக் நினைத்துக்கொண்டான்.

அவன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வட்டமான சிடி பிளேயர் ஒன்றை எடுத்து வைத்தான். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

"மலைரோடு. ஊர் போற வரைக்கும் பள்ளம். தாங்குமா?"

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். "பொய் சொல்ல மாட்டேம்மா. பள்ளத்துல விழுந்தா ரெண்டு வரி தாண்டிக் குதிக்கும்."

"வேண்டாம். அவன் பாட்டு எங்கேயும் அறுபடக் கூடாது."

"அப்ப இந்தக் குட்டி எஃப்எம் பெட்டி. ஒயரே கிடையாது. கார் ரேடியோவுல தானா வந்து பாடும்."

"மலை ஏறினதும்?"

"வேற ஸ்டேஷன் குறுக்கே புகுந்துடும்" என்றார் நக்லே, திரும்பாமலேயே. "பாட்டுக்கு நடுவுல எவனாவது செய்தி வாசிப்பான்."

"பாத்தியா, இவனுக்கும் அக்கறை இருக்கு!" என்றாள் வதாத். ஆனால் சிரிக்கவில்லை.

கடைசியில் தௌஃபீக் தீப்பெட்டி அளவில் ஒரு பிளேயரை அவள் உள்ளங்கையில் வைத்தான். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் முனையில் கேசட் மாதிரியே ஒரு கட்டை.

"இந்தக் கட்டையை டேப்புக்குள்ள சொருகணும், அவ்வளவுதான். தட்டு கிடையாது, சுத்தறது கிடையாது. வண்டியே கவுந்தாலும் பாட்டு நிக்காது!"

நக்லே கண்களை மூடிக்கொண்டார். வதாத் அந்தப் பிளேயரை இறுகப் பிடித்தாள். "இதையே கொடு. பாட்டும் நீயே ஏத்திக் கொடு."

தௌஃபீக் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தான். "முதல்ல பறைமேளம். அப்புறம் மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ற பாட்டு, மாப்பிள்ளை வாழ்த்து. அடுத்தது பொண்ணு பாட்டு..."

"பொண்ணு பாட்டு வேண்டாம்."

"அதெப்படிம்மா? பொண்ணு வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்க!"

"கோவிச்சுக்க மாட்டாங்க. மாப்பிள்ளை பாட்டு மட்டும் போடு."

மாமியார்க் குணம் இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். "சரிங்கம்மா. ஆனா ஒண்ணு. பிள்ளை கல்யாணத்துக்காவது இந்தக் கறுப்பைக் கழற்றுங்க."

"அவன் அப்பாவுக்காகப் போட்டது. நாலு வருஷமாச்சு. நதீம் கல்யாணத்தன்னிக்குக் கழற்றறதாத்தான் சொல்லியிருந்தேன்."

"நேரமாகுது அக்கா" என்றார் நக்லே. "மேல ஊர்ல எல்லாரும் காத்திருக்காங்க. அவனும் வண்டியில எவ்வளவு நேரம் தனியா..."

"மாப்பிள்ளை வண்டியிலேயா இருக்கார்?" தௌஃபீக் துள்ளி எழுந்தான். "கூப்பிடுங்க! அவர் பாட்டை அவரே பொறுக்கட்டும்!"

"வரமாட்டான்" என்றாள் வதாத். "எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டான்."

"இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான்! விடுங்க, நானே வந்து மாட்டித் தர்றேன். அப்படியே மாப்பிள்ளைக்கும் ஒரு கை கொடுத்துட்டு வந்துடறேன்."

பேரம் இல்லை, கேட்ட பணத்தை நக்லே எண்ணாமல் கொடுத்தார்.

வண்டி தெருமுனையில், தேவாலயச் சுவரோரம் நின்றிருந்தது. முகப்பு நிறைய வெள்ளை ரோஜா. பின் சன்னல்களுக்கு வெள்ளைத் திரை. டிரைவர் இறங்கி வழிவிட, தௌஃபீக் முன்னிருக்கையில் ஏறிக் கட்டையை டேப்புக்குள் சொருகினான். குமிழைத் திருப்பியதும் பறையும் குலவையும் வண்டியை அதிரவைத்தன. ஒரு தடங்கல் இல்லை.

"மாப்பிள்ளை, வாழ்த்துகள்!" என்று கையை நீட்டிக்கொண்டே அவன் பின்பக்கம் திரும்பினான்.

பின்னால் இருக்கையே இல்லை. மணமாகாமல் சாகிற பிள்ளையை மாப்பிள்ளையாக்கி அனுப்பும் மலை ஊர்களின் வழக்கப்படி, பூப்போட்ட வெள்ளைச் சவப்பெட்டியும், அதன்மேல் இஸ்திரி போட்ட கல்யாணக் கோட்டும் இருந்தன.

வதாத் சன்னல் வழியே குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை தம்பி. உள்ள அவனுக்குக் கேக்குமா?"